குழந்தை கையில் செல்போன்: பூட்டும் அட்டையும்

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு மாணவர்)



ஒரு மெஷினைப் பழுது பார்க்கத் திறக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மெயின் சுவிட்சை ஆஃப் செய்ய வேண்டும். அதில் ஒரு பூட்டு போட வேண்டும். பூட்டோடு ஓர் அட்டையும் தொங்கவிட வேண்டும். யார் பூட்டியது, எதற்காகப் பூட்டியது, எப்போது திறக்கும் என்பதெல்லாம் அந்த அட்டையில் இருக்க வேண்டும். இதற்கு லாக் அவுட், டேக் அவுட் என்று பெயர். அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டே இதற்குத் தனி விதி கொண்டு வந்தார்கள்.

அட்டை இல்லாமல் பூட்டு மட்டும் இருந்தால் அடுத்த ஷிப்ட்காரர், "எவன்டா இதைப் பூட்டினது?" என்று உடைக்கப் பார்ப்பார். பூட்டு இல்லாமல் அட்டை மட்டும் இருந்தால் யாராவது கவனிக்காமல் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் உள்ளே கை வைத்திருப்பவருக்குப் பாதுகாப்பு.

குழந்தை கையில் இருக்கும் செல்போனுக்கும் இதே பாடம் பொருந்தும். பேரன்டல் கன்ட்ரோல் என்கிற பூட்டை எப்படிப் போடுவது, அதற்கான அட்டையை எப்படி எழுதுவது, சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இது நம் வேலை எப்படி ஆயிற்று?

நம் பக்கத்து வாழ்க்கை ஷிப்டில் ஓடுகிறது. ஓசூர் சிப்காட் முதல் சூசுவாடி எல்லை வரையிலும், இந்தப் பக்கம் சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரையிலும் கம்பெனி பஸ் வராத ஊர் குறைவு. காலை ஆறு மணி, மதியம் இரண்டு மணி, இரவு பத்து மணி என்று பஸ் வந்து நிற்கும். அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கும், வேலை முடிந்து வருகிற பெற்றோருக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விழுகிறது. லைன் வீட்டில் அந்த நேரத்தில் பிள்ளைக்குத் துணை செல்போன்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருடத்துக்கு மேல் பாடமே போனில்தான் நடந்தது. பள்ளி திறந்தது, ஆனால் கைக்கு வந்த போன் அலமாரிக்குத் திரும்பவில்லை.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகப் படிப்பவர்கள். ரீசார்ஜ் போடுவது, ஓ.டி.பி. பார்த்துச் சொல்வது, பேங்க் மெசேஜைப் படித்துக் காட்டுவது எல்லாம் நம் தலையில்தான் விழும். "இவன் டிப்ளமோ படிக்கிறான், இவனைக் கேளு" என்று பக்கத்து வீட்டு அக்காவும் போனை நீட்டுவார். ஆகவே தம்பி, தங்கைகளின் போனுக்குப் பூட்டு போடும் வேலையும் நம்மிடம்தான் வரும். வருகிற வேலையை அரைகுறையாகச் செய்யாமல் முறையாகச் செய்வது நல்லது.

நீதிமன்றம் சொன்னது

இணைய சேவை தரும் நிறுவனங்கள், குழந்தைகள் பார்ப்பதைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதியைத் தர வேண்டும் என்று கேட்டு 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்கு போடப்பட்டது. 2025 டிசம்பரில் அதில் உத்தரவு வந்தது. நிறுவனங்கள் தங்கள் பக்கத்தில் தடுப்பதோடு, பயன்படுத்துகிறவர் முனையிலும் கட்டுப்பாடு இருக்க வேண்டும். அதற்குப் பேரன்டல் கன்ட்ரோல் வசதி வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது என்பதை முதலில் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த உத்தரவின் சாரம். இப்போது நடக்கும் விழிப்புணர்வுப் பிரசாரம் போதாது என்றும் நீதிமன்றம் கருதியது. ஆஸ்திரேலியாவைப் போல ஒரு சட்டம் கொண்டு வருவதை மத்திய அரசு யோசிக்கலாம் என்றும் சொன்னது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முக்கிய சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

எலக்ட்ரிகல் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் பியூஸ் இருக்கிறது. அதற்காக வீட்டில் எம்.சி.பி. வேண்டாம் என்று யாராவது சொல்வோமா? சப்ளை முனையில் ஒரு பாதுகாப்பு, லோடு முனையில் ஒரு பாதுகாப்பு. லோடு முனையில் இருப்பது நம் வீடு.

பூட்டு செய்யும் நான்கு வேலைகள்

பேரன்டல் கன்ட்ரோல் என்பது ஒரே ஒரு பொத்தான் இல்லை. அது நான்கு வேலைகள் செய்யும்.

1. வடிகட்டுதல்: வயதுக்கு ஒவ்வாத படம், வீடியோ, தளம் வராமல் தடுப்பது.
2. நேரம்: ஒரு நாளில் எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்கு மேல் கூடாது என்று வரையறுப்பது.
3. அனுமதி: புதிய ஆப் ஏற்றுவதற்கு முன் பெற்றோரைக் கேட்கும்படி செய்வது.
4. பணம்: விளையாட்டுக்குள் பொருள் வாங்குவது, யு.பி.ஐ.யில் பணம் போவது ஆகியவற்றைத் தடுப்பது.

எந்த வீட்டுக்கு எது தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு வயதுப் பாப்பாவுக்கு நேரமும் வடிகட்டுதலும் முக்கியம். ஏழாவது படிக்கும் தம்பிக்கு அனுமதியும் பணமும் முக்கியம். நேரத்துக்கு ஓர் அளவு வேண்டும் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

முதல் வகை: குழந்தைக்குத் தனி போன் அல்லது டேப் இருந்தால்

ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் கூகுளின் 'பேமிலி லிங்க்' என்ற ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. செய்முறை வருமாறு.

1. அம்மா அல்லது அப்பாவின் போனில் பிளே ஸ்டோரிலிருந்து பேமிலி லிங்க்கை ஏற்றி, அவர்களுடைய ஜிமெயில் கணக்கில் திறக்கவும்.

2. அதில் குழந்தையைச் சேர்க்கவும். 13 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் புதுக் கணக்கு அங்கேயே தொடங்கலாம். பிறந்த தேதியை உள்ளபடி போட வேண்டும். "வயசு கேக்குது, ஏதாவது போடு" என்று 1995 என்று அடித்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அப்படிப் போட்டால் கூகுளின் கணக்கில் அந்தப் பாப்பாவுக்கு முப்பது வயது. பெரியவர்களுக்கு வருவதெல்லாம் அதற்கும் வரும்.

3. குழந்தையின் போனில் இந்தப் புதுக் கணக்கைப் போட்டு, ஏற்கனவே இருக்கும் மற்ற கூகுள் கணக்குகளை எடுத்துவிடவும். பழைய கணக்கு ஒன்று உள்ளே இருந்தால் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

4. மறுபடி பெற்றோர் போனுக்கு வந்து, தினசரி நேர அளவு, இரவில் போன் பூட்டிக்கொள்ளும் நேரம், ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அளவு ஆகியவற்றை வைக்கவும். புதிய ஆப் ஏற்ற அனுமதி கேட்க வேண்டும் என்பதையும், குரோம், யூடியூப் இரண்டின் வடிகட்டலையும் போடவும்.

நம் ஊருக்கென்று மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நேரத்தைக் குழந்தையின் நாளைப் பார்த்து வைக்க வேண்டும். பெற்றோரின் ஷிப்டைப் பார்த்து வைக்கக் கூடாது. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அதற்கேற்ப யாரும் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் பூட்டே வேண்டாம் என்று எடுத்துவிடுவார்கள்.

இரண்டு, பல ஆலைகளில் உள்ளே போன் கொண்டு போக விடுவதில்லை. குழந்தை நாலு மணிக்கு அனுமதி கேட்டால் அம்மா பார்ப்பது லாக்கரைத் திறக்கும்போதுதான். ஆகவே பள்ளி ஆப் போன்று தேவையானவற்றை ஞாயிற்றுக்கிழமையே ஏற்றி வைத்துவிட வேண்டும்.

மூன்று, நேரம் முடிந்து போன் பூட்டிக்கொண்டாலும் வருகிற அழைப்பை எடுத்துப் பேசலாம். அவசர அழைப்பும் செய்யலாம். இதைப் பெற்றோரிடம் கட்டாயம் சொல்லுங்கள். "நைட் ஷிப்டில் இருக்கும்போது புள்ள போன் எடுக்க முடியாதே" என்ற பயத்தால்தான் பலர் பூட்டே வேண்டாம் என்கிறார்கள். போன் பேசும் ஆப்பை 'எப்போதும் அனுமதி' என்ற வரிசையில் வைத்துவிட்டால் பிள்ளையும் கூப்பிடலாம்.

ஐபோனாக இருந்தால் தனி ஆப் தேவையில்லை. ஓசூர் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூடு தயாராகிறது என்பது நமக்குத் தெரியும். அதன் உள்ளே இருக்கும் பூட்டையும் தெரிந்துகொள்வோம். செட்டிங்ஸில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதி 2018 முதல் இருக்கிறது. அதற்கென்று தனியாக நான்கு இலக்க எண் வைத்து, நேர அளவையும் உள்ளடக்கத் தடையையும் போடலாம். போனைத் திறக்கும் எண்ணும் இந்த எண்ணும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

இரண்டாம் வகை: அப்பா போன்தான் எல்லாருக்கும் என்றால்

மேலே சொன்னது எல்லாம் குழந்தைக்குத் தனி போன் இருக்கிற வீட்டுக்கு. நம் வீடுகளில் பாதிக்கு மேல் அப்படி இருக்காது. அப்பா வந்து சட்டையை மாட்டுவதற்குள் போன் தம்பி கைக்குப் போய்விடும். அந்தப் போனில்தான் பேங்க், ஜி.பே., வாட்ஸ்அப், சொந்தக்காரர் குரூப் எல்லாம் இருக்கிறது. இதில் பேமிலி லிங்க் வேலைக்கு ஆகாது. அது பெரியவர் கணக்கில் ஓடும் போனுக்குச் செய்தது இல்லை. இங்கே சின்னச் சின்னப் பூட்டுகளாகப் போட வேண்டும்.

அ) ஆப் பின்னிங். ஒரே ஒரு ஆப்பை மட்டும் திரையில் நிறுத்திப் பூட்டும் வசதி. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் இருக்கிறது. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'பின்' என்று அடித்தால் காட்டிவிடும். அதை ஆன் செய்யும்போது 'எடுப்பதற்கு முன் பின் நம்பர் கேட்க வேண்டும்' என்பதையும் ஆன் செய்யுங்கள். பிறகு பாட ஆப்பைத் திறந்து, பின் செய்து, கையில் கொடுத்தால் பிள்ளை அதைவிட்டு ஜி.பே. பக்கம் போக முடியாது. அப்பாவுக்குச் சொல்லித்தர ஐந்து நிமிடம் போதும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர் இதைச் செய்யுங்கள்.

ஆ) தனி யூசர். சில கம்பெனி போன்களிலும் பல டேப்களிலும் இன்னொரு யூசர் திறக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு அறை மாதிரி. குழந்தையின் அறையில் அப்பாவின் மெசேஜும் போட்டோவும் தெரியாது.

இ) பிளே ஸ்டோர். அதன் செட்டிங்ஸில் குடும்பம் என்ற பகுதியில் பேரன்டல் கன்ட்ரோல் இருக்கிறது. ஒரு பின் நம்பர் வைத்து 3+, 7+, 12+, 16+, 18+ என்ற வயது வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இது இனி ஏற்றப்போகும் ஆப்புக்கான தடை. முன்பே போனில் இருப்பதை நாமேதான் பார்த்து நீக்க வேண்டும். பணம் கட்டி வாங்கும்போது ஒவ்வொரு முறையும் உறுதி கேட்கும்படியும் அங்கேயே வைக்கலாம்.

ஈ) யூடியூப். யூடியூப்பில் 'ரெஸ்ட்ரிக்டெட் மோட்' என்று ஒன்று உண்டு. ஆனால் அதை யார் வேண்டுமானாலும் ஆஃப் செய்யலாம். அதன் தரம் மொழிக்கு மொழி, ஊருக்கு ஊர் வேறுபடும் என்று யூடியூப்பே சொல்கிறது. நம் தெருவில் ஒரே பிள்ளை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தேடும். எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம். சின்னக் குழந்தைக்கு 'யூடியூப் கிட்ஸ்' ஆப் மேல். அதில் வயதுவாரியாகப் பிரிவு உண்டு. பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோ மட்டும் வரும்படியும் வைக்கலாம். ஒரு விஷயம்: அதில் பெற்றோர் பகுதிக்குள் போக, எண் எதுவும் நாம் வைக்காவிட்டால், ஒரு பெருக்கல் கணக்கைக் கேட்கும். வாய்ப்பாடு மனப்பாடமான பிள்ளைக்கு அது ஒரு பூட்டா? சொந்தமாக நான்கு இலக்க எண் வைத்துவிடுங்கள்.

உ) பணம். யு.பி.ஐ. பின் நம்பரைக் குழந்தைக்குத் தெரிய விடக் கூடாது. கடைக்கு அனுப்பும்போது அவசரத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது; அதை நிறுத்த வேண்டும். 'யு.பி.ஐ. லைட்' போட்டிருந்தால் சிறு தொகைக்குப் பின் நம்பரே கேட்காது. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதன் அளவை ஒரு முறைக்கு 1,000 ரூபாய், மொத்தம் 5,000 ரூபாய் என்று உயர்த்தியது. நம் வீட்டுக் கணக்கில் 5,000 ரூபாய் என்பது வாடகை. குழந்தை கையாளும் போனில் யு.பி.ஐ. லைட் வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். சட்டம் இருக்கிறது என்பதற்காக நாம் கதவைத் திறந்து வைத்துத் தூங்க முடியாது.

வீட்டில் வைஃபை இருந்தால்

பிராட்பேண்ட் இணைப்பு உள்ள வீடுகளில் ரவுட்டரிலேயே ஒரு வடிகட்டி போடலாம். நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அதை எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். என்ற ஏற்பாடு. டெலிபோன் டைரக்டரி மாதிரி. ரவுட்டர் செட்டிங்ஸில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.3 என்றும், அடுத்ததில் 1.0.0.3 என்றும் போட்டால், ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் அந்த டைரக்டரி காட்டாது. கிளவுட்பிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் இலவசமாகத் தொடங்கிய சேவை இது. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். கம்பெனியில் வரும்போது இருந்த அதே பாஸ்வேர்ட் இருந்தால் யாரும் உள்ளே போகலாம். சிம் கார்டின் டேட்டாவில் ஓடும்போது இந்த வடிகட்டி இருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

பூட்டு எங்கே தோற்கும்?

எந்தப் பூட்டும் முழுமையானதில்லை. இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பின் நம்பர் அடிக்கும்போது பிள்ளை எட்டிப் பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு அண்ணன் ஹாட்ஸ்பாட் கொடுப்பான். நண்பன் வீட்டுப் போனில் பூட்டே இருக்காது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் வீடியோவை எந்த வயது வரிசையும் தடுக்காது. வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் குறைந்தபட்ச வயது 13 என்று அந்த நிறுவனங்களே வைத்திருக்கின்றன. இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கான தனிக் கணக்கு முறை 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் அறிவிக்கப்பட்டது. அதில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆனால் பொய் வயது போட்டால் இதெல்லாம் வீண்.

ஒர்க் ஷாப்பில் பிரஸ் மெஷினுக்குக் கார்டு போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஆபரேட்டருக்குப் பயிற்சி தருகிறார்கள். கார்டு இருந்தால் பயிற்சி வேண்டாம் என்று எந்தச் சூப்பர்வைசரும் சொல்வதில்லை. இங்கே பயிற்சி என்பதுதான் அட்டை.

அட்டையில் என்ன எழுதுவது?

பூட்டு போடுகிற நாளில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தூங்கின பிறகு ரகசியமாகச் செய்யாதீர்கள். காலையில் எழுந்து பார்த்தால் போன் வேலை செய்யாது. முதல் வேலையாக அதை எப்படி உடைப்பது என்றுதான் யோசிக்கும். நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள்.

எதைப் பூட்டியிருக்கிறோம். எதற்காகப் பூட்டியிருக்கிறோம். யார் பூட்டியது. எப்போது தளர்த்துவோம்.

கடைசி வரி முக்கியம். "எட்டாவது போனதும் இந்த நேர அளவைப் பேசி மாற்றலாம்" என்று சொன்னால் பிள்ளை காத்திருக்கும். "எப்பவும் கிடையாது, போ" என்றால் காத்திருக்க என்ன இருக்கிறது? வேண்டுமானால் ஒரு காகிதத்தில் எழுதி டி.வி. பக்கத்தில் ஒட்டுங்கள். கம்பெனி நோட்டீஸ் போர்டு மாதிரி எல்லாருக்கும் தெரியட்டும். அதில் பெரியவர்களுக்கும் ஒரு வரி இருந்தால் நல்லது: சாப்பிடும்போது யார் கையிலும் போன் கூடாது.

ஒளிந்திருந்து பார்க்கும் உளவு ஆப்களை ஏற்ற வேண்டாம். பிள்ளைக்குத் தெரியாமல் மெசேஜ் படிப்பது, பேச்சைப் பதிவு செய்வது எல்லாம் பாதுகாப்பு ஆகாது. அந்த ஆப்பை நடத்துபவர் யார், அந்தத் தகவல் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. இந்த இடத்தில் முதலாம் ஆண்டுத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு செய்தி. 2023-ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது ஆகாதவர் எல்லாரும் குழந்தைதான். உங்கள் தகவலை நிறுவனங்கள் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பத்தாவது முடித்து நேராக வந்த நீங்கள் சட்டத்தின் பார்வையில் இன்னும் குழந்தை. "எனக்கே ஒருத்தர் இப்படிப் பூட்டினால் எப்படிச் சொல்லியிருக்கணும்?" என்று யோசித்தால் அட்டையை எழுதச் சரியான ஆள் நீங்கள்தான்.

சாவி யாரிடம்?

நம்மில் 18 முடிந்தவர்கள் நம் ஜிமெயிலிலேயே எல்லாம் போட்டு, பின் நம்பரை நம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சுலபமான வழிதான். ஆனால் அதில் மூன்று கெடுதல் இருக்கிறது.

முதலாவது, டிப்ளமோ முடித்து நாம் அப்ரன்டிஸ் வேலைக்குப் பெங்களூரோ சென்னையோ போய்விடுவோம். பூட்டு வீட்டில் இருக்கும், சாவி நம்மோடு ஊரைவிட்டுப் போயிருக்கும். இரண்டாவது, அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் பின் நம்பர் ஓர் ஆயுதமாகிவிடும். மூன்றாவதுதான் பெரியது. அம்மா, அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பதால், வீட்டில் ஒவ்வொன்றாக அவர்கள் கையைவிட்டு நம் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. பிள்ளையை வளர்ப்பதையும் அப்படி வாங்கிக்கொள்ளக் கூடாது. "என்னமோ அண்ணன் பூட்டி வச்சிருக்கான், எனக்கென்ன தெரியும்" என்று அம்மா சொல்லும் வீட்டில், பேரன்டல் கன்ட்ரோலில் பேரன்டே இல்லை.

நாம் பிட்டர் மட்டுமே. மாட்டிக் கொடுத்துவிட்டு, ஓட்டுகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. போனின் மொழியைத் தமிழுக்கோ தெலுங்குக்கோ கன்னடத்துக்கோ மாற்றிக் கொடுங்கள். எண் மட்டும் தெரிந்தாலும் பின் நம்பர் போட முடியும். நம் அம்மாக்கள் பஸ் நம்பரும் ரேஷன் கார்டு எண்ணும் மறந்ததில்லை. பின் நம்பரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அடிக்கும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பிறகு நம் கண்முன்னே மூன்று வேலைகளை அவர்களையே செய்து பார்க்கச் சொல்லுங்கள்: பூட்டுவது, திறப்பது, அரை மணி நேரம் கூட்டித் தருவது. மூன்றும் வந்துவிட்டால் வேலை முடிந்தது. வராவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி உட்காருங்கள். நமக்கு ஓம் விதி ஒரே வகுப்பில் புரிந்ததா?

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால்

பிள்ளை பயந்து போய் வந்து "அண்ணா, இதைப் பாரு" என்று காட்டினால் முதலில் அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். அடி விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை காட்டாது. யாரோ முன்பின் தெரியாதவர் படம் கேட்கிறார், மிரட்டுகிறார் என்றால் அந்த மெசேஜை அழிக்காமல் வைத்து, பெற்றோரிடம் சொல்லி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு எண்களையும் டி.வி. பக்கத்தில் ஒட்டும் அந்தக் காகிதத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

நம்மால் ஆனது

விழிப்புணர்வு போதவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார் போய்ச் சொல்வது? சிப்காட் லைன் வீடுகளுக்கு எந்த ஆபீசரும் வந்து அப்பாவின் போனில் ஆப் பின்னிங் போட்டுக் கொடுக்கப் போவதில்லை. அந்த வீடுகளில் ஏற்கனவே ஒவ்வொரு ஆளாக உட்கார்ந்திருப்பது நாம்தான். ஆகவே மாணவர் பேரவை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கல் விடுமுறையில் ஒவ்வொருவரும் மூன்று வீடு: ஒன்று நம் வீடு, ஒன்று பக்கத்து வீடு, ஒன்று ஊரில் உள்ள சித்தி அல்லது அத்தை வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம். ஒரு வகுப்பில் ஐம்பது பேர் என்றால் நூற்றைம்பது வீடு ஆகிவிடும்.

பூட்டு போடுங்கள். அட்டை எழுதுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.